முதல் உதவி: வீட்டுக்கு இருவர் கற்க வேண்டும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இத்தகைய முகாம்களில் விதை நேர்த்தி, உர அளவு, பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். இன்று பயிரைப் பற்றி அல்ல, பயிரிடுகிறவரின் உயிரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

உங்கள் வீட்டுப் பசு வயிறு உப்பித் தவித்தால் என்ன செய்வீர்கள்? கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவீர்கள். அவர் வரும் வரை கை கட்டி நிற்க மாட்டீர்கள். மாட்டைப் படுக்க விடாமல் எழுப்பி, முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துவீர்கள். தீவனத்தை நிறுத்துவீர்கள். இது வீட்டிலுள்ள பெரியவருக்கும் தெரியும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த மாட்டை மேய்க்கப் போன பையனையே பாம்பு கடித்துவிட்டால் என்ன நடக்கிறது? பத்துப் பேர் கூடிப் பத்து விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார். இன்னொருவர் பிளேடால் கீறுகிறார். மற்றொருவர் மந்திரிக்க அழைத்துப் போகச் சொல்கிறார். எல்லாம் நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் எல்லாமே பையனுக்குக் கெடுதலாக முடிகின்றன.

ஆகவே நான் சொல்ல வந்த செய்தி ஒன்றே. முதல் உதவி கேள்விப்பட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல. கையால் செய்து பழகிக் கற்க வேண்டிய தொழில். ஒவ்வொரு உழவர் வீட்டிலும் குறைந்தது இருவர் அதைக் கற்றிருக்க வேண்டும்.

முதல் உதவி என்பது என்ன?

மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை அடிபட்டவரின் உயிரைக் காப்பது, இருக்கும் நிலை மேலும் கெடாமல் பார்ப்பது, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகிய மூன்றுமே முதல் உதவி. இது வைத்தியம் அல்ல. வைத்தியத்துக்கு வழிவிடும் வேலை.

நம் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்சு வண்டி ஓடுகிறது. அது பெரிய வசதிதான். ஆனால் வண்டி சாலைக்கு வரும், வரப்புக்கு வராது. உழவரின் வேலையிடம் ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஆளரவம் இல்லாத இடம். அங்கே பக்கத்தில் இருப்பவர் மனைவியோ, தம்பியோ, அடுத்த வயல்காரரோதான். மூச்சு நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. எந்த வண்டியாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிட முடியாது. அந்த நிமிடங்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

பாம்புக் கடி

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்து மக்கள்.

நம் வயல்வெளியில் உயிருக்கு ஆபத்தான பாம்புகளில் முக்கியமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்து உண்டு. இதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில் பெரும்பங்கு நம் மாநிலத்தைச் சேர்ந்தது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இந்தப் பணியைச் செய்து வருகிறது. மருந்து இருக்கிறது; அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆயினும் உயிர் போகிறது என்றால், மருந்தும் கடிபட்டவரும் சந்திக்கக் காலதாமதம் ஆவதே முக்கியக் காரணம். அந்தத் தாமதம் பல நேரங்களில் நம் வீட்டு வாசலிலேயே ஏற்படுகிறது.

செய்ய வேண்டியவை:

1. கடிபட்டவரைப் பாம்பை விட்டு விலக்கி, படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. நஞ்சுள்ள பாம்பும் எல்லாக் கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பயமும் ஓட்டமும் நஞ்சு பரவுவதை விரைவுபடுத்தும்.

2. வீக்கம் வரும் முன்னே மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

3. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வது போல மூங்கில் பட்டை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டலாம். நடக்க விடாதீர்கள், தூக்கிச் செல்லுங்கள்.

4. 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால், மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு செல்லலாம்.

5. கடித்த நேரம், பிறகு கண்ட மாற்றங்கள் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை:

கயிறு, துண்டு எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலே அழுகிப் போகலாம். கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலில் பாயும். கடிவாயைக் கீறாதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் இரத்தம் உறையாது. கீறிய இடத்திலிருந்து நிற்காமல் ஒழுகும். வாயால் உறிஞ்சாதீர்கள். பச்சிலை, சாராயம், மிளகு எதையும் உண்ணக் கொடுக்காதீர்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை. அந்த முயற்சியில் இரண்டாம் ஆளும் கடிபடுகிறார்.

கட்டு விரியனைப் பற்றித் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். அது இரவில் வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். கடித்த இடத்தில் வலி இராது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு என்று சொல்லும் பிள்ளைக்குக் கண் இமைகள் தாமாகச் சரிந்தால், சூட்டு வலி என்று கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வதும், இரவில் டார்ச் விளக்கு இல்லாமல் மடை திருப்பப் போகாதிருப்பதும் நல்ல காப்பு.

பூச்சிக்கொல்லி நஞ்சு

1958-இல் கேரளத்தில் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட உணவுப் பொருளை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்விளைவாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவின் மேல் நஞ்சின் கடுமையைக் காட்டும் முக்கோணக் குறி, நஞ்சேறினால் காணும் அறிகுறிகள், முறிவு மருந்து ஆகியவை அச்சிடப்படுவதும் அந்தச் சட்டத்தின் வழியே வந்ததுதான். 2017-இல் மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர், தெளித்தவர்கள். நஞ்சு வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும்.

தெளித்துக்கொண்டிருப்பவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண் மங்கல், தசைத் துடிப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் "வெயில் கொடுமை" என்று நிழலில் உட்கார வைத்து மோர் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தெளிப்பை நிறுத்துங்கள். காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். நனைந்த வேட்டி, சட்டை எல்லாவற்றையும் களைந்துவிடுங்கள். பம்புசெட்டுத் தண்ணீரும் சோப்பும் கொண்டு தலைமுடி, நகக்கண் உட்பட நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். உதவி செய்பவர் கையில் உறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொள்வது அவசியம். பிறகு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வாய் வழியாக உள்ளே போயிருந்தால் ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள்: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசல், புளிக் கரைசல், சாணிக் கரைசல், சோப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பல மருந்துகள் எண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை. வாந்தியாக மேலே வரும்போது அவை நுரையீரலுக்குள் புகுந்துவிடும். அரை மயக்கத்தில் இருப்பவருக்குச் சாணிக் கரைசலே மூச்சை அடைத்து உயிரைப் போக்கிவிடும். ஆளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மருந்து டப்பாவின் மேல் ஒட்டியுள்ள தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது டப்பாவை மூடிப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் காலம் கடத்தாமல் சிகிச்சையைத் தொடங்க முடியும். "நன்றாகத்தானே பேசுகிறான்" என்று காத்திருக்கவும் கூடாது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே இல்லை. ஆள் முதல் நாள் தெளிவாகப் பேசுவார், கேடு உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். மனம் உடைந்து மருந்தைக் குடித்துவிட்டவரை, போலீஸ் வழக்கு வரும் என்ற பயத்தால் வீட்டிலேயே வைத்துக் காலம் கடத்துகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிப்பட்டவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஏன், எதற்கு என்ற கேள்விகளை ஒத்திவைத்து, முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். மனம் சோர்ந்திருப்பவர் பேசுவதற்கு 14416 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண் உண்டு. மருந்து டப்பாக்களைப் பூட்டி, சாவியைப் பொறுப்பானவரிடம் வைப்பதும் ஒரு முதல் உதவியே.

கிணற்றில் இறங்கும் முன்

கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார். அண்ணனைத் தேடி அப்பா இறங்குகிறார். மூவரும் திரும்புவதில்லை. இத்தகைய செய்தியை நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். பாசமே இங்கே பகையாகி விடுகிறது.

காரணம் எளிது. பாழுங்கிணற்றில் இலைதழை மட்கி உண்டாகும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் ஆயில் என்ஜினின் புகையிலோ நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு ஒன்று இருக்கிறது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் என்ஜின் புகையின் நஞ்சைக் காட்டாது. கழிவுநீர்த் தொட்டியிலும் சாண எரிவாயுக் கலனிலும் விளக்கை இறக்கினால் தீப்பிடிக்கும்.

எனவே உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் இன்னொருவர் இறங்கக் கூடாது. 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அதைவிட நல்லது, இறங்கும் முன்னரே இறங்குபவரின் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்துக்கொண்டிருப்பது. அப்படியானால் யாரும் இறங்காமலே அவரைத் தூக்கிவிடலாம். என்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் தத்தளிப்பவருக்கும் இதே விதிதான். நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம். கயிறு, கம்பு, காலி பிளாஸ்டிக் குடம், லாரி டியூபு ஏதாவது ஒன்றை வீசுங்கள். மின்சாரம் தாக்கியவரையும் வெறுங்கையால் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அறுந்து விழுந்த மின்கம்பி என்றால், மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் வரை யாரும் அருகே போகாதீர்கள். கம்பால் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம்.

மூச்சு நின்றுவிட்டால்

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால், தண்ணீரில் மூழ்கியவரைத் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வீண். கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரியவருக்கு இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலே எழ விடுங்கள். 30 முறை அழுத்தியதும் மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு ஊதுவதையே முதலில் செய்ய வேண்டும். பூச்சிக்கொல்லி குடித்தவருக்கு ஊதாமல் அழுத்த மட்டும் செய்யுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டு, உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

இதைக் கேட்டதாலோ படித்ததாலோ மட்டும் செய்துவிட முடியாது. நாற்று நடுவதைப் புத்தகத்தில் படித்து யார் கற்றார்கள்? பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தவருக்கே இரண்டு அங்குலம் என்பது எவ்வளவு பலம் கேட்கிறது என்று விளங்கும்.

வெட்டுக் காயம், தீக்காயம், நாய்க் கடி

கதிரடிக்கும் இயந்திரமோ புல் நறுக்கும் கருவியோ கையை வெட்டிவிட்டால், முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேலேயே வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். சுண்ணாம்பு, காபித்தூள், மண் வேண்டாம். கையே துண்டாகி, அழுத்தியும் இரத்தம் பீறிட்டால் மட்டும், கடைசி வழியாக, காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்புக் கடிக்குக் கூடாத கட்டு இங்கே உயிர் காக்கிறது. எது எங்கே என்று பிரித்தறிவதற்கே பயிற்சி வேண்டும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். விரலின் மேல் பனிக்கட்டி நேராகப் படக் கூடாது.

தீக்காயத்தின் மேல் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். மை, மாவு, பற்பசை, பனிக்கட்டி ஆகாது. நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி தொடங்குங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு தடவாதீர்கள். வெறிநோய் வந்த பின் காப்பாற்ற வழியில்லை.

எங்கே, எப்படிக் கற்பது?

முதல் உதவி மருத்துவருக்கு மட்டும் உரிய கல்வியாகத் தோன்றவில்லை. 1878-இல் இங்கிலாந்தில் உல்விச் என்னும் ஊரில் பொதுமக்களுக்காகவே இதற்கு வகுப்பு நடத்தினார்கள். அந்த வகுப்பைத் தொடங்கிய செயின்ட் ஜான் ஆம்புலன்சு அமைப்பு நம் நாட்டிலும் முதல் உதவிப் பயிற்சி அளித்துச் சான்றிதழ் தருகிறது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மாவட்டக் கிளைகள் உண்டு. தீயணைப்புத் துறையினரும் செய்முறை விளக்கம் காட்டுகின்றனர். தனியாகப் போய்க் கேட்பதைவிட, உழவர் மன்றமோ மகளிர் சுய உதவிக் குழுவோ கூட்டாக எழுதிக் கேட்டால் பயிற்சியாளரை ஊருக்கே வரவழைப்பது எளிது. அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்கும் முன் உள்ள நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்கு இருவர் என்று சொன்னேன். ஒருவருக்கே அடிபட்டால் மற்றவர் வேண்டும் அல்லவா? இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்கள் சந்தைக்குப் போன நேரத்திலும் வீட்டிலும் வயலிலும் இருப்பவர் அவர்தாம். கற்றதை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் செய்து பாருங்கள். பழகாத கை மறந்துவிடும்.

சாலையில் டிராக்டர் கவிழ்ந்து கிடந்தால், உதவப் போனால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று ஒதுங்க வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய மூன்று

ஒன்று, பாம்புக் கடிக்கு மருந்தும் இரவில் மருத்துவரும் உள்ள அரசு மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது என்று இன்றே விசாரித்து, அதன் பெயரையும் 108 என்ற எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது போதும்.

இரண்டு, ஒரு பழைய டப்பாவில் சுத்தமான பருத்தித் துணி, சுருள் கட்டுத் துணி, கத்தரிக்கோல், சோப்பு, கையுறை, டார்ச் விளக்கு, உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றை வைத்து, எல்லாருக்கும் எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். பம்புசெட்டுக் கொட்டகையிலும் ஒன்று இருக்கட்டும்.

மூன்று, உங்கள் வீட்டில் பயிற்சிக்குப் போகப் போகும் இருவர் யார் என்று இன்று இரவு சாப்பிடும்போதே முடிவு செய்யுங்கள்.

நோய் வந்த பின் மருந்தடிப்பதைவிட விதை நேர்த்தி செய்வது செலவும் குறைவு, பயனும் அதிகம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் உதவிப் பயிற்சி, குடும்பத்துக்கு நாம் செய்யும் விதை நேர்த்தி. அதைக் காலத்தில் செய்யுங்கள்.